பலகையின் மேல் எண்பது பூசை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே வானம் சாயங்காலம் மாதிரி கறுத்துக் கிடந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டே வந்தான். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் ரஸ்தாவில் அந்த மீன்பிடிக் குப்பத்துக்கு இறங்கியவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் வெள்ளத்துரை. சுங்க இலாகாவில் பதினாறு வருஷம் பிரயாணிகளின் பெட்டிகளைத் திறந்து பார்த்து, பெட்டிகள் அலுத்துப்போய், இனி மனுஷர்களைத் திறந்து பார்க்கலாம் என்று ராயபுரத்தில் ஒரு மாடியறை பிடித்துத் 'துப்பறிபவர்' என்று பலகை மாட்டிக்கொண்டவர். இன்னொருவன் அத்தாவுல்லா. கப்பலில் எட்டு வருஷம் கயிறு இழுத்தவன். கரையேறியதிலிருந்து வெள்ளத்துரைக்கு உதவியாள். சம்பளம் கைவேலைக்கு, வாய் இலவசம்.

"எட்டு வர்சம் கடல்ல கெடந்தவன் சொல்றேன் வாத்யாரே. இந்த மானத்தைப் பாத்தா கேஸு வாணாம். வூட்டுக்குப் போயி குப்புறப் படுத்துக்கலாம்."

"படுக்கலாம்டே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்புறம்."

அஞ்சு மணி என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அன்று மாலை அஞ்சு மணிக்குக் குப்பத்துத் தலைவரான நாட்டாரும் ஊராரும் கோயில் வாசலில் கூடி, சந்தியாகு என்ற கிழவரை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப் போகிறார்கள். நாற்பது வருஷம் அந்தக் கோயிலில் மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைக்கு எடுத்துக்கொடுத்த கோயில்பிள்ளை அவர். தள்ளிவைத்துவிட்டால் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் குடிசை போகும். அதைவிட, கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் அவருக்கென்று விட்டுவைத்திருக்கும் ஆறடியும் போகும். அவருடைய மகள் ஞானபாக்கியம் முந்தின நாள் மாடியேறி வந்து, குடிசையைப் பற்றி ஒரு வார்த்தையும் அந்த ஆறடியைப் பற்றிப் பத்து வார்த்தையும் பேசியதை வெள்ளத்துரை கவனித்திருந்தார்.

கிழவர் மேல் குற்றம், பீடத்தில் பதித்திருந்த கல்லைத் திருடிவிட்டார் என்பது.

ஞானபாக்கியம் ரஸ்தாவிலேயே காத்திருந்தாள். முப்பது வயசிருக்கும், தலையில் முக்காடு, கண்ணில் தூக்கமில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கோயில் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பழைய கோயிலை ஐந்து வருஷத்துக்கு முன்னால் கடல் தின்றுவிட்டது. இப்போது இருப்பது தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. அதன் கோடியில் மரத்தால் செய்த பீடம். பீடத்தின் மேல்துணிகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். நடுவில், ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாகக் குடைந்த பள்ளம். பள்ளத்தில் ஒரு பலகை.

வியாழக்கிழமை, அடுத்த வாரம் வரும் சவேரியார் திருநாளுக்காகத் துணிகளை மாற்றப் பெண்கள் வந்தார்களாம். எல்லாத் துணியையும் எடுத்ததும் கல் இருக்கவேண்டிய இடத்தில் இந்தப் பலகையைப் பார்த்து அலறியிருக்கிறார்கள். சாமியார் ஓடிவந்தார். பார்த்தார். கல்லைத் தொடுகிற உரிமை உள்ளவன் இந்த ஊரில் கோயில்பிள்ளை ஒருவன்தான் என்று சொல்லிவிட்டார். கிழவரோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஒரு கல்லுக்கா இம்மாம் பேஜாரு" என்றான் அத்தாவுல்லா.

"அது சொம்மா கல்லு இல்ல பாய்" என்றாள் ஞானபாக்கியம். அந்தக் கல்லின் நடுவில் விரல்கடை அளவுக்கு ஒரு குழி உண்டு. குழிக்குள் வேதத்துக்காக உயிர்விட்ட ஒருவருடைய எலும்புத் துணுக்கு. பிஷப்பான மேற்றிராணியார் தம் கையால் அதை உள்ளே வைத்து, சின்னக் கல்மூடி போட்டுப் பூசி, தைலம் தடவி மந்திரித்தது. மேலே ஐந்து சிலுவை வெட்டியிருக்கும். ஆதியில் வேதசாட்சிகளைப் புதைத்த குழிமேலேயே பூசை வைப்பார்களாம். அந்த வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒவ்வொரு பீடத்துக்குள்ளும் ஒரு சின்னக் கல்லறை. கல் இல்லாமல் வைத்த பூசை முறையான பூசை ஆகாது. மூடி உடைந்தாலும் ஆகாது. அது செத்த கல்.

அத்தாவுல்லா செருப்பை வாசலிலேயே விட்டிருந்தவன், இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான். "நம்ப தர்காவுல அவ்லியா கீழ கீறாரு, மேல போர்வை போத்தி வெச்சிகினு. இவங்களுதும் அதேதான் வாத்யாரே. துணிக்கு அடியில ஒருத்தர் கீறாரு."

வெள்ளத்துரை பலகையைக் கிளப்பி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தேக்கு. நாலு ஓரமும் இழைப்புளி பிடித்து, மூலையை உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்துக்கு மயிரிழை பிசகாமல் பொருத்தியிருந்தது. அவசரத்தில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் தச்சுவேலை செய்துகொண்டிருப்பானா என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம் பலகையின் நடுவில் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பழைய கறை. மரத்துக்குள் ஊறி, காய்ந்து, கருஞ்சிவப்பாக இறுகியிருந்தது.

"ரத்தமா வாத்யாரே?"

"ரத்தம்னா ஈ மொய்ச்சிருக்கும். இது பழரசம். இந்த ஊர்ல துணி வெளுக்கது யாரு தாயி?"

துணி வெளுப்பவள் தங்கபுஷ்பம். வெள்ளைச் சேலைக்காரி, போன வருஷம் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், கோயில் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொடுப்பது அவள் ஜீவனம். கறையைக் காட்டியதும் அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்த திருநாள் அன்று, பூசை நடுவில் சாமியார் கை தவறிக் கிண்ணத்துத் திராட்சை ரசத்தைக் கொட்டிவிட்டார். அன்றைக்கு ஒரு நாள்தான் ரசம் கொட்டியது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பூசை முடிந்ததும் மேல்துணியை மட்டும் உருவி அவள் கையில் கொடுத்துவிட்டார். அடித்துணி இரண்டும் நனைந்துதான் இருந்திருக்கும்; அது காயட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவள் சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "போய்ச்சேர்ந்த பழைய பெரிய சாமி அப்டிச் செய்யமாட்டாரு. ரசம் பட்ட துணின்னா மொதல்ல அவரே மூணு தண்ணி அலசி, அந்தத் தண்ணியை பூமியில ஊத்திட்டு, அப்பாலதான் எங்க கையில குடுப்பாரு. இவரு நேரா குடுத்தாரு. அவசரம்போலன்னு நென்ச்சிக்கினேன்."

வெள்ளத்துரை பலகையைத் திரும்பப் பள்ளத்தில் வைத்தார். வைக்கும்போது அவர் முகத்தில் என்ன வந்தது என்று அத்தாவுல்லாவுக்குப் புரியவில்லை. சுங்கத்தில் பெட்டியின் அடித்தட்டு இரட்டைத் தட்டு என்று தெரிந்துவிட்டால் மனுஷர் இப்படித்தான் சாந்தமாகிவிடுவாராம். அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

சாமியார் வீடு கோயிலுக்கு இடப்பக்கம். வாசலுக்குப் போகுமுன்பே மீன்குழம்பு மணம் எதிர்கொண்டு அழைத்தது. அத்தாவுல்லா மூக்கை உயர்த்திக்கொண்டு, சமையல்காரன் யாரென்று கேட்டான். சமையல்காரனை வந்த வாரமே நிறுத்திவிட்டார், சாமியாரே வைத்துக்கொள்கிறார் என்றாள் ஞானபாக்கியம்.

ஜேக்கப் சாமியாருக்கு நாற்பது வயசிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஜூலை மாசம் கடிதமும் பெட்டியுமாக வந்து சேர்ந்தவர். வெள்ளை அங்கி, அமைதியான குரல். உட்காரச் சொல்லி, கையோடு தேநீரும் ஊற்றிக்கொடுத்தார். ஊரே சந்தியாகுவுக்காக மனம் நொந்திருக்கிறது என்றார். தமக்கும் அவர் மேல் கோபமில்லை, ஆனால் தேவ காரியத்தில் தயவு காட்ட முடியாது என்றார். பேசும்போது அவர் கண் எதிரில் இருப்பவர்களின் முகத்தை விட்டு நகரவில்லை. கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி அந்தப் பார்வை நிதானமாக இறங்கியது. அத்தாவுல்லாவுக்கு, போன வாரம் தம்பியிடம் சொன்ன ஒரு பொய் காரணமில்லாமல் ஞாபகம் வந்தது.

வெள்ளத்துரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கல்லு கடைசியா என்னைக்கு இருந்தது சாமி?"

"புதன்கிழமை காலை பூசை வரைக்கும் இருந்தது. தினமும் அதன்மேல்தானே பூசை வைக்கிறேன், எனக்குத் தெரியாதா? புதன் இரவுதான் எடுத்திருக்க வேண்டும்."

"புதன் வரைக்கும் இருந்தது நிச்சயம்."

"நிச்சயம்."

வெளியே வந்ததும் அத்தாவுல்லா வாயைத் திறந்தான். "குழம்பு மணத்தை வெச்சே சொல்றேன் வாத்யாரே, அது சாமியார் வெச்ச குழம்பு இல்ல. தொழில்காரன் வெச்ச குழம்பு. தேத்தண்ணி ஊத்தச் சொல்லோ கையைப் பாத்தியா? முழங்கைக்குக் கீழ வரிவரியா சுட்ட தழும்பு. எங்க கப்பல்ல சமைக்கற பண்டாரிக்கு ரெண்டு கையிலயும் அதே வரி. அடுப்பு விளிம்புல வருசக்கணக்கா இடிச்சிக்கினா வரும். பைபிள் புரட்டினா வராது."

"சபாஷ்டே. இன்னொரு வரி நான் சொல்லுதேன். புதன்கிழமை வரைக்கும் கல்லு இருந்ததுன்னா, செப்டம்பர் எட்டுல கொட்டின ரசம் பலகையில எப்படி ஊறிச்சு?"

அத்தாவுல்லா நடையை நிறுத்தினான். எட்டாம் தேதி ரசம் கொட்டும்போதே பள்ளத்தில் பலகைதான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த வியாழன் வரை விரல்விட்டு எண்ணினால் எண்பது நாள். குறைந்தது எண்பது பூசை கல் இல்லாமல், வெறும் பலகையின் மேல்.

"அப்போ அந்த ஆளு பொய் சொல்றான்."

"பொய் சொன்னா பரவாயில்ல. அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

ஞானபாக்கியம் இதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள். பழைய பெரிய சாமி எப்படிச் செய்வார் என்று வெள்ளத்துரை கேட்டதும், அவள் கை தானாக எழுந்து காற்றில் ஒன்றைத் தடவியது. பெரிய சாமி கிண்ணத்தை வைப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் துணிமேல் ஒரு தடவு தடவுவார். காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. துணிக்கடியில் கல்லின் விளிம்பு எங்கே என்று விரல் கண்டுபிடித்த பிறகுதான் கிண்ணம் கீழே இறங்கும். கிண்ணம் கல்லைத் தாண்டி நிற்கக்கூடாது. வெளியூரிலிருந்து எந்தச் சாமியார் வந்தாலும் முதல் காரியம் அந்தத் தடவல்தான்.

இவர் தடவியதை அவள் பார்த்திருக்கிறாளா என்று கேட்டார் வெள்ளத்துரை.

ஒருநாளும் பார்த்ததில்லை என்று சொன்னவள், சொன்ன வார்த்தையின் அர்த்தம் தனக்கே அப்போதுதான் உறைத்தாற்போல் முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

கிழவர் கடற்கரையில் இருந்தார். பழைய கோயிலின் அஸ்திவாரம் கடல் வாங்கும்போது தலைகாட்டும், ஏறும்போது மறையும். அதைப் பார்த்தபடி ஈர மணலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளத்துரை வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகையை இழைத்தது நீங்கள்தானே என்று மெதுவாகக் கேட்டார். பெரிய சாமி சாகும்முன் கல்லை எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கவேண்டும், உப்புக்காற்றில் மூடி உதிர்ந்துவிடும் என்று பயந்திருக்கவேண்டும் என்றார். அடுத்து வருகிற சாமியார் முதல் நாளே கேட்பார், அப்போது கொடு என்றும் சொல்லியிருப்பார். வந்தவர் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று நீங்கள் காத்திருந்தீர்கள் என்றார்.

சந்தியாகு கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க ஒண்ணும் கண்டுபுடிக்காதீங்க" என்றார்.

"உம்மை வெளியே தள்ளுதாங்க ஐயா."

"தள்ளட்டும். நான் ஒருத்தன் போனா போறேன். அதான் எல்லாருக்கும் நல்லது."

"யார் எல்லாருக்கும்?"

கிழவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். திருடன் என்று பேர் வாங்கவும் கல்லறையில் இடம் இழக்கவும் ஒருவன் துணிகிறான் என்றால், அவன் மறைப்பது அதைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். அந்தப் பெரியது என்ன என்று வெள்ளத்துரை அப்போதே கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது அவர் செய்த தப்பு. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டதே என்று அவசரப்பட்டு, அத்தாவுல்லாவைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் ஒரு வேலை சொல்லி ராயபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அவன் திரும்பி வந்தபோது மணி நாலே முக்கால். தோளில் கனமான ஒரு கோணி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இதில் என்ன என்று கேட்டாராம், நாஸ்தா என்று சொன்னானாம். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் கோயில் வாசலைப் பார்த்ததும் கோணியைத் தோள் மாற்றிக்கொண்டான். நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கடல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் தகரக் கூரை முழுதும் ஒரு தரம் விம்மி அடங்கியது. மழைக்குப் பயந்து எல்லாரையும் உள்ளே வரச் சொன்னார் நாட்டார். அறுபது வயசு, தேக்குக்கட்டை உடம்பு. ஊரில் அவர் வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது. பீடத்தின் வலப்பக்கம் சாமியார் நின்றார். இடப்பக்கம் சந்தியாகு, குற்றவாளி நிற்கிற இடத்தில்.

நாட்டார் தீர்ப்பைச் சொல்ல வாயெடுக்குமுன் வெள்ளத்துரை கும்பிட்டு முன்னால் வந்தார். கல் கிடைத்துவிட்டது என்றார். கோணியைப் பிரித்து, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு முழச் சதுரக் கல்லை எடுத்துப் பீடத்தின் மேல் வைத்தார். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று, ஐந்து சிலுவை.

"இதுதானா, சாமி பாத்துச் சொல்லணும்."

சாமியார் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. அடுத்த கணம் கண் நிறைந்தது. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி ஊருக்குக் காட்டினார். நடுச் சிலுவையில் உதட்டை அழுத்தி முத்தமிட்டார்.

"இதுவேதான். எத்தனை நாள் இதன்மேல் பூசை வைத்திருக்கிறேன். என் கைக்குத் தெரியாதா?"

கூட்டம் முழுவதும் முழந்தாளில் விழுந்தது. கிழவர் சந்தியாகு மட்டும் விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"குழி எங்க சாமி?" என்றார் வெள்ளத்துரை.

"என்ன குழி?"

"எலும்பு வச்ச குழி. இந்தக் கல்லை எந்தச் சாமியார் கையில குடுத்தாலும் மொதல்ல குழியைத்தான் தேடுவாரு, மூடி உடையாம இருக்கான்னு பாப்பாரு. நீங்க சிலுவையை மட்டும் எண்ணினீக. இது ராயபுரத்துல கல்லறைக்குக் கல் கொத்துதவர்கிட்ட இருந்து வருது. சிலுவை அஞ்சும் இன்னைக்கு மத்தியானம் வெட்டினது. மாவு இன்னும் போகல, ஒதட்டைத் தொட்டுப் பாருங்க."

நூறு ஜோடிக் கண்ணும் அந்த உதட்டைப் பார்த்தன. வெள்ளைக் கல்மாவு கோலப்பொடி மாதிரி ஒட்டியிருந்தது.

பிறகு வெள்ளத்துரை நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். கறையைச் சொன்னார், எண்பது நாளைச் சொன்னார், அலசாமல் கொடுத்த துணியைச் சொன்னார். இந்த மனுஷனுக்கு லத்தீன் வரும், பாட்டு வரும், எழுந்து நிற்பதும் மண்டியிடுவதும் பிசகாமல் வரும். முன்னாலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது எல்லாம் வரும். துணிக்கு அடியில் இருப்பது மட்டும் வராது. ஏனென்றால் இவன் பூசை படித்தது பீடத்துக்கு எதிரில் மண்டியிட்டு. கொண்டுவந்த கடிதமும் பெட்டியும் அசல்; அதனால் ஜேக்கப் சாமியார் என்று ஒருவர் தூத்துக்குடியிலிருந்து நிஜமாகவே கிளம்பியிருக்கிறார். இவன் கையிலிருக்கும் அடுப்புத் தழும்பைப் பார்த்தால், அவரோடு அவருடைய சமையல்காரனும் கிளம்பியிருக்கிறான். வந்து சேர்ந்தது ஒரு ஆள்.

"ஜேக்கப் சாமியார் எங்கே?" என்று கேட்டார் வெள்ளத்துரை.

அந்த ஆள் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். ஓடவில்லை, கெஞ்சவில்லை. பீடத்தின் விளிம்பில் அடுப்புமேடையில் சாய்கிற மாதிரி ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டான். அமைதியான குரல் மாறவில்லை, பேச்சுத்தான் மாறியது.

"ரயில்ல காய்ச்சல்ல போயிட்டாரு. நம்புறவங்க நம்பலாம். போலீசுக்கு ஆள் விட்டாச்சா? திருவொத்தியூர்ல இருந்து வர அரை மணி ஆகும்லா. அரை மணிக்கூறு போதும்."

"எதுக்குப் போதும்?"

"நான் சாமியார் இல்லன்னு நீங்கதானே சொன்னீக. சாமியாரா இருந்தா, ஜனங்க பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாவுற வரைக்கும் வெளியில சொல்லக்கூடாது. சமையக்காரனுக்கு அந்தக் கட்டு கிடையாதே." அவன் கண் வரிசை வரிசையாக நகர்ந்தது. "ஜூலைல இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில ஒக்காந்து கேட்டிருக்கேன். ஒருத்தர் விடாம. எல்லாம் ஞாபகம் இருக்கு. யாருதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?"

அத்தாவுல்லாவுக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்த புருஷனைப் பார்க்கவில்லை. புருஷனும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு தாய் மகளின் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அரை நிமிஷம் முன்னால் ஊராக இருந்தது, இப்போது நூறு தனித்தனி ஆட்களாக நின்றது.

"இதுக்குத்தான்யா வாணாம்னேன்" என்றார் சந்தியாகு. மூன்று நாளில் அவர் கோயிலுக்குள் பேசிய முதல் வார்த்தை. "கல்லு எங்கிட்டதான் கீது. மெழுகுத்துணியில சுத்தி என் பொட்டியில வெச்சிக்கினேன். அந்த ஆளு கேக்காத அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சி இன்னா பண்றது? ஊரு பூரா அந்தத் தொட்டியில வாயைத் திறந்துட்டாங்களே."

வெள்ளத்துரை அத்தாவுல்லாவின் பக்கம் திரும்பினார். அவர் நெற்றியில் வேர்வை. "தப்புப் பண்ணிட்டேன்டே" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பெட்டியைத் திறந்துவிட்டார், உள்ளேயிருந்தது ஊரின் மானம்.

சமையல்காரன் வழி சொன்னான். ரொம்ப எளிய வழி. இந்த இரண்டு வெளியூர் ஆட்களையும் போகச் சொல்லிவிடுங்கள். கிழவனைத் தள்ளிவைத்துவிடுங்கள். விடிந்ததும் நானும் பெட்டியோடு போய்விடுகிறேன். யார் வாயிலிருந்தும் ஒரு சொல் வராது.

கூட்டத்தில் ஒருவன், பின்வரிசையிலிருந்து, முகம் காட்டாமல், அப்படியே செய்துவிடலாம் நாட்டாரே என்றான். இன்னொரு குரல் ஆமாம் என்றது. மூன்றாவது குரல் ஒரு பெண்ணுடையது. ஞானபாக்கியம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தெருவில் தினமும் அவளோடு பேசுகிற முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்தன. திருடவில்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தள்ளிவைக்கப் போகிறார்கள். அவள் போய் அப்பாவுக்குப் பக்கத்தில், குற்றவாளி நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள்.

"தீர்ப்பைச் சொல்லுங்க நாட்டாரே" என்றான் சமையல்காரன். அன்பாகத்தான் சொன்னான். "இல்லன்னா ஒங்களுதுல இருந்தே ஆரம்பிக்கட்டுமா? தங்கபுஷ்பமும் இங்கதான் இருக்கு."

தகரக் கூரையில் மழை முதல் சரம் விழுந்தது. நாட்டார் எழுந்து நின்றார். ஊரைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். கிழவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சந்தியாகு எங்கியும் போவல" என்றார். "செத்தா அவரு பொண்டாட்டி பக்கத்துலதான் படுப்பாரு. இது என் வார்த்தை." அப்புறம் சமையல்காரனிடம், "என்னுதை நீ சொல்லவாணாம். நானே சொல்றேன்" என்றார்.

அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். பெண்கள் வரிசையின் கோடியில் வெள்ளைச் சேலையில் இருந்த தங்கபுஷ்பத்தின் எதிரில் போய் நின்றார். அவள் அவருடைய தம்பி பெண்டாட்டி. எல்லாருக்கும் தெரிந்த உறவு. அதனால்தான் எல்லாரும் தலை நிமிர்ந்தார்கள்.

"போன வர்சம் அந்தக் காத்துல தம்பி கட்டுமரம் கவுந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். கரையில வந்து பாக்கலன்னு சொன்னேன். பாத்தேன். திரும்பினா நானும் போயிடுவேன்னு பயந்துகினு கரைக்கு வந்துட்டேன். அவன் கூப்ட்டான். காதுல கேட்டுது."

தங்கபுஷ்பம் எழுந்திருக்கவில்லை. முழந்தாளிலேயே இருந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள். பின்வரிசையில் யாரோ ஒரு கிழவி எழுந்து, என்னுதும் நானே சொல்லிக்கிறேன் என்றாள். அப்புறம் இன்னொருத்தன் எழுந்தான். சமையல்காரன் சாய்ந்திருந்த பீடத்தை விட்டு நிமிர்ந்து, கதவு எந்தப் பக்கம் என்று முதல் தடவையாகப் பார்த்தான். அங்கே அத்தாவுல்லா நின்றிருந்தான்.

தங்கபுஷ்பம் இதில் எதையும் பார்க்கவில்லை.

"எத்தினி வாட்டி கூப்ட்டாரு?" என்று கேட்டாள்.

நாட்டார் உட்கார்ந்தார். அவள் எதிரில், அவள் உயரத்துக்கு, தரையில் உட்கார்ந்தார்.

"மூணு வாட்டி" என்றார். "மூணாவது வாட்டி என் பேரு இல்ல. உன் பேரு."